எங்கள் ஊராட்சி இல்லாமல் போன வருஷம்

நேற்று எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினார்கள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியதும் அந்த நெடி படிக்கட்டு வழியாக இறங்கி எங்கள் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் திறந்து வைத்தேன். எனக்கு அது ஆபீஸ் வாசனை. சிரிக்காதீர்கள். முதல் வேலை என்றால் சிலருக்கு ஏசிக் குளிர் ஞாபகம் வரும், சிலருக்கு கேன்டீன் காபி. எனக்குக் கிடைத்தது பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டர்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் ஊர். ஊராட்சி அலுவலகம் என்பது இரண்டு அறை. ஒன்றில் தலைவர். இன்னொன்றில் மூட்டைகள், குழாய்த் துண்டுகள், பழைய டியூப் லைட்டுகள், அப்புறம் நான். தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சேலை, தலைமுடி, சோற்று டப்பா எல்லாவற்றிலும் அந்த நெடி ஏறிவிடும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டம்மா, என் அம்மாவின் காதில், "பிள்ளை ஆஸ்பத்திரியிலயா வேலை பாக்கு?" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. காரணம் நெடிதானா என்பது இன்றுவரை தெரியாது.

தலைவர் பெயர் ராமுத்தாய். அந்த முறை எங்கள் ஊரைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்ததால் நின்றார், ஜெயித்தார். அதற்கு முன் நூற்பு மில்லில் வேலை. மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. பக்கத்தில் நின்று ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும். பதவியேற்ற மறுநாள் அவர் வீட்டுக்காரர் வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊரே அப்படித்தான் எதிர்பார்த்தது. ராமுத்தாய் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீங்க செத்த நேரம் வெளிய இருங்க. கையெழுத்து நான்ல போடணும்" என்றார். அவர் எழுந்துபோனார். பிறகு மத்தியானச் சாப்பாடு கொண்டுவர மட்டும்தான் வந்தார்.

பேச்சியம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். துப்புரவுப் பணியாளர். விடிந்ததும் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பி, வெயில் ஏறியபின் அலுவலகத்துக்கு வந்து மூட்டையில் சாய்ந்து உட்காருவார். அவர் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்காக என் டப்பாவைத் திறக்காமலே வைத்திருப்பேன். அவரும் ராமுத்தாயும் பேசுவதைக் கேட்டால் சண்டை என்றே நினைப்பீர்கள்.

"கையுறை கேட்டு எம்புட்டு நாளாச்சு? சாக்கடைக்குள்ள நீங்க வந்து கைய விடுங்களேன்."

"ஏட்டி, வாங்கித் தாரேன்னு சொன்னேன்ல? யூனியன் ஆபீஸ்லேர்ந்து வந்தாத்தான தர முடியும்!"

"வராட்டி நீங்க போய்க் கேளுங்க. அதுக்குத்தான ஓட்டுப் போட்டோம்?"

ராமுத்தாய் ஒன்றிய அலுவலகத்துக்குப் போவார். கேட்பார். வாங்கிக்கொண்டு வருவார். அவ்வளவுதான் விஷயம். அந்த ஊராட்சியைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தலைவரின் சொந்தக்காரர்கள் தெருவில் விளக்கு முதலில் எரியும், காலனியில் கடைசியில் எரியும். ஆனால் எரியாவிட்டால் யார் வீட்டு வாசலில் போய் நின்று கத்துவது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பதவிக்காலம் முடியும் நேரத்தில் ஊராட்சியைக் கலைத்துவிட்டு ஊரை நகராட்சியோடு சேர்க்கப் போவதாகச் செய்தி வந்தது. மனை வாங்கிப் போட்டவர்களுக்கு ஒரே சந்தோஷம். எங்கள் அப்பாவும் அதில் ஒருவர். வீட்டுக்குப் பின்னால் கிடந்த கால் காணியை மனசுக்குள்ளேயே பிளாட் போட்டு விற்றுவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். டவுன் ஆபீஸ், டைல்ஸ் தரை, மூட்டை இல்லாத அறை என்று கனவு கண்டேன். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று பெண்கள்தான் பயந்தார்கள். ராமுத்தாய் ஒரு வேன் பிடித்து அவர்களை ஏற்றிக்கொண்டு விருதுநகருக்குப் போய் மனுக் கொடுத்தார். கலெக்டர் ஆபீஸில் உட்காரவைத்து மரியாதையாகப் பேசினார்களாம். சில வாரத்தில் ஆணை வந்துவிட்டது.

பிறகு பிரித்தார்கள். தண்ணீர்த் தொட்டியும் குழாயும் நகராட்சிக்கு. தெருவிளக்கு ஒரு கான்ட்ராக்டருக்கு. குப்பை ஒரு தனியார் கம்பெனிக்கு. கம்பெனிக்காரர்கள் ஆளெடுக்க வந்த அன்று பேச்சியம்மா நல்ல சேலை உடுத்தி வரிசையில் நின்றார். வயது கூடுதல் என்று ஒதுக்கிவிட்டார்கள். "இம்புட்டு நாளா தள்ளுன வண்டிக்கு என் வயசு தெரியலையே தாயீ" என்றார் என்னிடம். என்னை நகராட்சியில் வரி விவரம் ஏற்றும் வேலைக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். டைல்ஸ் தரைதான். கனவு பலித்தது.

நகராட்சி எங்கள் ஊருக்குச் செய்த முதல் காரியம் ரோடு. கீழத்தெருவில் பழைய மண் ரோட்டின் மேல் சிமெண்ட் ரோடு போட்டார்கள். ஜனங்கள் வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டார்கள். அந்த ரோட்டுக்கு அடியில்தான் ஊராட்சிக் காலத்துத் தண்ணீர்க் குழாய், சாக்கடையை ஒட்டிப் போயிற்று. ஜல்லி லாரி ஏறி இறங்கியதில் அது எங்கோ உடைந்துவிட்டது.

முதலில் தண்ணீர் மங்கலாக வந்தது. பிறகு வாடை அடித்தது. வசதியுள்ளவர்கள் கேன் தண்ணீருக்கு மாறிக்கொண்டார்கள். மற்றவர்கள் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. ராஜபாளையம் பெரியாஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகளைக் கிடத்தியிருந்ததை நானே பார்த்தேன்.

ராமுத்தாய் கிளம்பிவிட்டார். யூனியன் ஆபீஸில், "உங்க ஊரு இப்ப எங்ககிட்ட இல்லம்மா" என்றார்கள். நகராட்சிக்கு வந்தார். நான் உட்கார்ந்திருந்த ஹாலுக்கே வந்து வரிசையில் நின்றார். முறை வந்ததும் அதிகாரி நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"நீங்க யாரும்மா?"

"நான் அந்த ஊரு பிரசிடெண்டு."

"அந்தப் பதவியே இப்ப இல்லையேம்மா. குழாய் விவரம் எல்லாம் இன்னும் எங்க கைக்கு முழுசா வரல. புது லைன் போடத் திட்டம் இருக்கு. பொறுத்துக்கோங்க."

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. கோபப்படக்கூட இல்லை. சொன்னதெல்லாம் உண்மை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ராமுத்தாய் திரும்பும்போது என் மேஜையைக் கடந்தார். "நீயாச்சும் சொல்லேன் புள்ள" என்றார், அவருக்குப் பழக்கமே இல்லாத மெல்லிய குரலில். அன்று சாயங்காலமே நான் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுவாரமும் சொன்னேன். அப்போதும் கேட்டுக்கொண்டார்.

பேச்சியம்மா படுத்ததே எங்களுக்குத் தெரியாது. மகன் திருப்பூரில். தனியாக இருந்தவர். முன்பென்றால் ஒருநாள் குப்பை வண்டி வராவிட்டால் ஊரே, "பேச்சி எங்க?" என்று கேட்டிருக்கும். இப்போது வண்டியைத் தள்ளுவது வேறு ஆள். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்ல, ராமுத்தாயும் நானும் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லை. என் தோளில் சாய்ந்திருந்தவர் தாகமாக இருக்கிறது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போன ராமுத்தாய், குளித்துவிட்டுக் கடப்பாரையோடு வெளியே வந்தார். நல்ல வெயில். கீழத்தெரு சிமெண்ட் ரோட்டின் நடுவில் நின்று ஓங்கிக் குத்தினார். புது சிமெண்ட், லேசில் உடையவில்லை. வீட்டுக்காரர் ஓடிவந்தார், தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையிலிருந்ததை வாங்கி அவரும் குத்தினார். பழைய தண்ணீர் ஆபரேட்டர் மாடசாமி மண்வெட்டியோடு வந்தார். மற்றவர்கள் வாசலில் நின்றே பார்த்தார்கள்.

"ஏ ராமுத்தாயி, நல்ல ரோட்ட ஏன் நாசம் பண்ணுத? ஒனக்குக் கோட்டி புடிச்சிருச்சா?" என்று கத்தினார் மளிகைக் கடைக்காரர்.

"இந்த ரோட்டுக்குக் கீழதான அண்ணாச்சி பேச்சியக் கொன்ன தண்ணி போவுது! வந்து பாருங்க!"

தோண்டிப் பார்த்தபோது குழாயில் விரிசல் தெரிந்தது. சாக்கடை அதற்குள் வடிந்துகொண்டிருந்தது. மறுநாள் நகராட்சி ஆட்கள் வந்து குழாயை மாற்றினார்கள், தொட்டியில் மருந்து போட்டார்கள், ரோட்டை ஒட்டுப்போட்டார்கள். பேதி நின்றது. அதே வாரத்தில் ராமுத்தாய் மேல் வழக்குப் பதிவானது. பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானும் கூடப் போனேன். நகராட்சியில் என் தற்காலிகம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பால்கோவா கிண்டும் வாசனை வரும். "வீட்டுக்கு வாங்கிட்டுப் போங்களேன்" என்பேன். "இது என்ன கல்யாணத்துக்கா வந்திருக்கோம்?" என்பார். கோர்ட் வராந்தாவில் மளிகைக் கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார். அவர் அரசுத் தரப்புச் சாட்சி. ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பிப் போவார்கள்.

"கூட்டத்துல யாரு ஒடைச்சாங்கன்னு தெரியலன்னு சொல்லிருங்கம்மா, கேஸ் நிக்காது" என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். ராமுத்தாய் தலையாட்டினார். கூண்டில் ஏறி நின்ற அவரிடம் நீதிபதி கேட்டதும், "நாந்தான் ஐயா ஒடைச்சேன்" என்றார், மில் குரலில், கோர்ட் முழுக்க அதிரும்படி. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன் உடைத்தீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"எங்க ஊர்க் குழாய்ங்க. அத யாரு பாக்கணும்னு எல்லா ஆபீஸ்லயும் போய்க் கேட்டேன். இன்னார்னு யாருமே சொல்லல. அந்தத் தண்ணியில ஒரு பொம்பள செத்துப் போனா. அதான்."

நீதிபதி காகிதத்தில் எழுதிக்கொண்டார். அபராதமும், கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்கவேண்டும் என்ற தண்டனையும் விதித்தார். சட்டப்படி அதைவிடக் குறைவாகக் கொடுக்க முடியாது என்று வக்கீல் சொன்னார். சாயங்காலம்வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். குற்றவாளி என்று எழுதிய தீர்ப்பை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "பேச்சி உயிரோட இருந்தா, இதுக்கும் என்னைய நல்லா வஞ்சிருப்பா" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

கல்யாணமாகி நான் மதுரைக்கு வந்துவிட்டேன். அப்பாவின் கால் காணி இன்னும் விற்கவில்லை. ஊர் இப்போது ஒரு வார்டு எண். புகார் சொல்ல ஒரு போன் நம்பர் உண்டு. நல்ல பெண் குரல், நன்றி சொல்லி வைத்துவிடும்.

போன குடியரசு தினத்தன்று ஊரில்தான் இருந்தேன். ஊராட்சி இருந்த காலத்தில் அன்றைக்குக் கிராம சபை கூடும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஜமுக்காளம் விரித்து, தலைவரை நடுவில் உட்காரவைத்து, ஊர்ப் பெண்கள் கிழி கிழி என்று கிழிப்பார்கள். நகராட்சியில் சேர்ந்தபிறகு எங்கள் ஊரில் அது கிடையாது. ஆனாலும் காலையில் ஏழெட்டுப் பெண்கள் பழக்கத்தில் வந்து பள்ளிக்கூடத்து முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ராமுத்தாயும் வந்து அவர்களோடு ஓரமாக உட்கார்ந்தார். திட்டுவதற்கு நடுவில் தலைவர் என்று யாரும் இல்லை. செத்த நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். வெயில் ஏறியதும் ஒருத்தி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு எல்லோரும் எழுந்தார்கள்.