மாதிரி அட்டையில் அத்தான் முகம்

வெளியூரிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களுக்கு இடம் காட்டி, அனுமதி வாங்கித் தரும் அலுவலகம் ஒன்றுக்கு லோகோ விதிப்புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தேன். எந்த நீலம், எந்த எழுத்து, வண்டிக் கதவில் லோகோவை எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டக் கூடாது என்று பக்கம் பக்கமாகச் சட்டம் பேசும் புத்தகம். கழக்கூட்டம் என்ற பகுதியில் ஓர் ஏசி அறையில் உட்கார்ந்து ஊருக்குச் சட்டம் போடுவது எனக்குப் பிடித்த வேலை. வீட்டில் யார் என் பேச்சைக் கேட்கிறார்கள்?

அதில் ஒரு பக்கம் ஊழியர் அடையாள அட்டை. மாதிரிக்கு ஒரு முகம் வேண்டும். இணையத்தில் கிடைத்த முகங்கள் எல்லாம் பற்பசை விளம்பரத்துக்குச் சிரித்தவை. அக்காவின் கணவர் நினைவுக்கு வந்தார். அத்தான் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதியவர். கடையை மூடிவிட்டதால் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். பார்த்தவுடன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும் முகம்.

“சும்மா மாதிரிக்குத்தான் அத்தான்” என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் முடி வெட்டி, மீசைக்கு மை பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு சுவரோரம் நின்றார். பதவி என்ற இடத்தில் ‘லொக்கேஷன் உதவியாளர்’ என்று நானே போட்டேன். அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தார். அக்கா போனில் படம் எடுத்துத் தள்ளினாள்.

“அங்க இப்பிடி ஆளு எடுப்பாவளா மக்கா?” என்று கேட்டார்.

லோகோ செய்பவள் சொல்லி அங்கே ஒரு நாற்காலிகூட நகராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பேசிப் பாக்கேன்” என்றேன். அவர்கள் முன்னால் பெரிய மனுஷியாகத் தெரிய ஆசையாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

நான் யாரிடமும் பேசவில்லை. புத்தகத்தைப் பார்த்த அதிகாரி, அட்டையில் இருக்கும் ஆளுக்கு வயது கூடுதலாகத் தெரிகிறது, மாற்றிவிடுங்கள் என்றார். மறுபேச்சு பேசாமல் ஒரு பற்பசை இளைஞனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஆரியசாலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அடுக்களையில் இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தானே ஆரம்பித்தார்.

“நாகர்கோவில்ல ஒரு கடையில கணக்குக்குக் கூப்பிட்டாவ. நீதான் பேசுதேன்னு சொன்னேல்லா, அதனால வரலன்னு சொல்லிட்டேன்.”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தக் கடைக்கு இப்போதே போன் போடுங்கள் என்று கெஞ்சினேன்.

“வேற ஆள் வச்சாச்சு. சாரமில்ல, விடு” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்கக்காட்ட நீயே சொல்லிரு. என்னால முடியாது. அவ தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா.”

அக்கா காப்பியோடு வந்தாள். குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

நேற்று அவளே போனில் கேட்டாள். “அத்தான எப்பம் வேலைக்குக் கூப்பிடுவாவ?”

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. அத்தான்தான் குறைத்திருப்பார், நான் சொல்லப்போகிறேன் என்று நினைத்து.

“இன்னும் ஒரு மாசம் ஆகும்க்கா” என்றேன்.