ஃபேன் சுத்துதா, பாருங்க

என் மகளிடம் “செருப்பைக் கழற்றி ஓரமா வை, பையை மாட்டு, கையைக் கழுவிட்டு வா” என்று ஒரே மூச்சில் சொன்னால், கழற்றிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நிற்பாள். முதல் வேலைதான் நினைவிருக்கும். மற்ற இரண்டும் எங்கே போயின என்று அவளுக்கும் தெரியாது. என் வாய் சும்மா இருக்காது. மறுபடி அதையே இன்னும் சத்தமாகச் சொல்வேன். அவள் செருப்பைத் திரும்பப் போட்டுக்கொள்வாள்.

போன ஜூனில் மூன்றாம் வகுப்பு தொடங்கியதும் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை, சொன்னது மனதில் நிற்பதில்லை என்றார். அதை நான் சவூதியில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னது வினையாகிப் போயிற்று. ஆகஸ்டில் லீவுக்கு வரும்போது திருநெல்வேலியில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பேசி முடித்துவிடுகிறேன், அடுத்த வருஷம் அங்கே சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். எட்டு வயதுப் பிள்ளை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தென்காசியில் இந்த வீட்டில் நானும் அவளும்தான். அவளும் போய்விட்டால் நான் யாரைத் திட்டுவது?

கீழப்பாவூரிலிருந்து வாரம் ஒருநாள் பள்ளிக்கு ஒரு சிறப்புப் பயிற்சி ஆசிரியை வருவார். என்னைவிடச் சின்னவர்தான். என் மகளோடு கொஞ்ச நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“புத்தியெல்லாம் நல்லாருக்கு அக்கா. காதுல வாங்கி, உள்ள வச்சு, திருப்பிச் சொல்லத்தான் நேரம் எடுக்கா. மனசுல வச்சுக்கோன்னு சொல்லாதீங்க. எங்க வைக்கணும்னு சொல்லுங்க. ஒவ்வொண்ணையும் உடம்புல ஒரு இடத்துல வச்சதா நினைக்கச் சொல்லுங்க. வச்சதும் ஒருதரம் வாயால சொல்லச் சொல்லுங்க.”

“சரி டீச்சர்.”

“இன்னொண்ணு. கேட்டுட்டீங்கன்னா பதில் வார வரைக்கும் பேசக் கூடாது. நடுவுல திரும்பக் கேட்டா, பாவம், அவ முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

முதலாவது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவதுதான் கஷ்டம். பேசாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது.

குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்ட ஒரு சனிக்கிழமை, குளிக்கப் போகிற பையை அவளையே எடுத்து வைக்கச் சொன்னேன். எண்ணெய், சீயக்காய், துண்டு, மாற்று உடுப்பு. எண்ணெயைத் தலையில் வைத்தாள். சீயக்காயை எங்கே வைப்பது என்று யோசித்துக் காதுக்குப் பின்னால் வைத்தாள். துண்டு தோளுக்குப் போயிற்று, உடுப்பு இடுப்புக்கு. ஒவ்வொரு இடத்தையும் தொட்டு ஒருமுறை சொன்னாள். பிறகு அறைக்குள் போய், தன் தலையைத் தட்டி, காதைத் தடவி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

அருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு வந்து பையைத் திறந்தால் அவள் உடுப்பு இருக்கிறது, என்னுடையது இல்லை. என்னுடையதை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

“உங்க டிரஸ்ஸ எங்க வச்சீங்க உம்மா? தலையிலயா, தோள்லயா?” என்று கேட்டாள். கேலி இல்லை, அக்கறையாகத்தான் கேட்டாள். சாரல் காற்றில் நடுங்கிக்கொண்டே ஈர உடுப்போடு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன். ஆட்டோக்கார அண்ணாச்சி சீட் நனைகிறது என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். எனக்கோ உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமைதோறும் அவருடைய வீடியோ கால் வரும். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மகளிடம், “இந்த வாரம் ஸ்கூல்ல என்ன படிச்சே?” என்று கேட்டார். அவள் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். எனக்குப் பதில் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் உதடு பிரிந்தது. அந்த நேரம் பார்த்து அவர், “ஹலோ, ஹலோ, கேக்குதா? சே, நின்னு போச்சு” என்று போனைக் கட் பண்ணிவிட்டார்.

மறுபடி கூப்பிட்டார். மறுபடி அதே கேள்வி. அவள் மறுபடி அதே புள்ளியைப் பார்த்தாள். அவர் மறுபடி கட் பண்ணினார். இரண்டாவது தடவைதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமாக இதுதான் நடந்திருக்கிறது. பிள்ளை யோசிக்கிற நேரத்தையெல்லாம் இந்த மனிதர் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்திருக்கிறார். அடுத்த கால் வந்ததும் போனை நான் வாங்கிக்கொண்டேன்.

“நெட்டு நல்லாத்தான் இருக்கு. நின்னது உங்க மவ. யோசிச்சிட்டு நிக்கா.”

“எனக்கு எப்படித் தெரியும் பிள்ள? அசையாம நின்னா படம் நின்ன மாதிரிதான இருக்கு?”

அதுவும் நியாயம்தான். கட்டிலுக்கு அடியில் கிடந்த டேபிள் ஃபேனை எடுத்துத் துடைத்து, அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்துப் போட்டுவிட்டேன்.

“இப்ப ஃபேன் சுத்துதா, பாருங்க. சுத்திச்சுன்னா அவ லைன்ல இருக்கான்னு அர்த்தம். அதுவரைக்கும் வாயத் திறக்கப்படாது.”

அவர் திறக்கவில்லை. திரையில் அவர் முகம் ஃபேனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மெதுவாக ஆரம்பித்தாள். கழித்தல் கணக்கில் பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது எப்படி என்று தொடங்கி, எங்கும் நிற்காமல், மதியச் சாப்பாட்டில் முட்டை உருண்டு கீழே விழுந்ததுவரை சொல்லி முடித்தாள். அவர் கண்ணைத் துடைத்தார். தூசி என்றார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் சாரல் குளிரில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பின்னால் ஃபேன் ஓட, வாப்பாவோடு பேசுவாள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த என் நாத்தனார், “இந்தக் குளிர்ல ஃபேனா? கோட்டி பிடிச்சிட்டா உனக்கு?” என்று கேட்டாள். வெளிநாட்டில் இருக்கிறவரோடு பேச ஃபேன் எதற்கு என்று அவளுக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

ஆனாலும் ஹாஸ்டல் பேச்சை அவர் விடவில்லை. ஆகஸ்டில் வந்து இறங்கிய மறுவாரமே, திருநெல்வேலிக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று நாள் குறித்துவிட்டார். முந்தின நாள் வகுப்பு டீச்சரைப் பார்க்க மூன்று பேரும் போனோம். டீச்சர் நல்லவர்தான்.

“நீங்களே பாருங்க சார்” என்று சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினார். “கூடையில இருபத்தஞ்சு மாம்பழம் இருக்கு. ஒம்பது அழுகிப் போச்சு. அப்புறம் நாலு வாங்கிப் போட்டாச்சு. இப்ப எத்தன இருக்கும்?”

மகள் ஜன்னலைப் பார்த்து நின்றாள். அவள் கை தலைக்குப் போயிற்று, பிறகு தோளுக்கு, பிறகு இடுப்புக்கு. டீச்சர் கேள்வியைத் திரும்பச் சொல்ல வாயெடுத்தார்.

என் வீட்டுக்காரர் கையை லேசாகத் தூக்கினார். “கொஞ்சம் பொறுங்க டீச்சர். ஃபேன் சுத்துது.”

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். குளிருக்கு வகுப்பறை ஃபேனைப் போடவே இல்லை. அது பாட்டுக்குச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“இருபது டீச்சர்” என்றாள் மகள்.

வெளியே வந்ததும் அவள் முன்னால் ஓடினாள். “நாளைக்குத் திருநெல்வேலிக்கு எத்தன மணி பஸ்ஸு?” என்று அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. பூக்கடையைத் தாண்டினோம், டீக்கடையைத் தாண்டினோம், நான் கேட்கவே இல்லை.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது சொன்னார். “திருநெல்வேலி வேண்டாம். நாளைக்குக் குத்தாலம் போவோம். பையை அவளே எடுத்து வைக்கட்டும்.”