எல்லா வீட்டிலும் சளிதான்

மருத்துவமனையில் பழைய கேஸ் ஷீட்டுகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. நுரையீரல் புற்றுநோயில் எந்த வகை இந்த மலைப்பக்கம் எவ்வளவு வருகிறது என்று பதிவேடுகளை வைத்து ஒரு மதிப்பீடு போடப்போகிறோம், எடுத்துக் கொடு என்றார்கள். அடினோ, ஸ்குவாமஸ், ஸ்மால் செல் என்று படிவத்தில் வகைக்கு ஒன்றாக மூன்று கட்டம். நாலாவது கட்டம் ‘வகை தெரியவில்லை’. நிரம்பி வழிந்தது அதுதான். எங்கள் ஷீட்டில் ‘நுரையீரலில் கட்டி’ என்பதோடு கதை நின்றுவிடும். சதை எடுத்துப் பார்க்கிற பரிசோதனைக்கு ஜனங்கள் மலையிறங்கித் தேனி, மதுரை என்று போய்விடுவார்கள். முடிவு இங்கே ஏறி வருவதில்லை.

ஆகவே ஜீப்பில் தொங்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன். எந்த வீட்டிலும் நோயாளியின் முன்னால் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. அவருக்குச் சொல்லி வைத்திருப்பது ‘சளி’. வீட்டுக்காரம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அரிசி வாளிக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டுவார். வகையை எழுதிக்கொண்டு வெளியே வந்து, “சளிதான், மருந்த விட்டுறாதீங்க” என்று நானும் என் பங்குக்கு ஒரு பொய்யைச் சொல்வேன். நடிப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

இதற்கிடையில் எனக்கு இருமல். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை. மனைவி கம்பத்துக்கு இழுத்துப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். நான் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு வருவதற்குள் டாக்டர் அவளிடம் பேசி முடித்துவிட்டார்.

“என்னவாம்?”

“ஒண்ணுமில்லங்க. சளிதானாம்.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். பஸ் குமுளி ஏறுவதற்குள் மூன்று வகையையும் மாற்றி மாற்றி எனக்குப் போட்டுப் பார்த்தேன். பீடி பிடித்ததில்லை, பிடிக்காதவர்களுக்கு அதிகம் வருவது அடினோ. அன்றைக்கு ராத்திரி தட்டில் முட்டை பொரியல் விழுந்தது. செவ்வாய்க்கிழமை முட்டையை வீட்டுக்குள்ளேயே விடாதவள்! சோலி முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். அவள் குளிக்கப் போன நேரம் அரிசி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். அரிசிதான் இருந்தது. பயம் இன்னும் கூடிவிட்டது. எனக்குத் தெரிந்த இடமென்று வேறெங்கோ ஒளித்திருக்கிறாள்.

மறுநாள் சக்குபள்ளத்தில் ஒரு வீடு. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் புகைக்கு நடுவே வேலை பார்த்த மனிதர், கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி உள்ளே காகிதம் தேடினார். எனக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை.

“சாருக்கு என்ன?”

“சளிங்கிறாங்க.”

“யாரு சொன்னா?”

“வீட்டுக்காரி.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டிலில் ஒதுங்கி இடம் விட்டார்.

“உக்காருங்க. எனக்கும் எங்க வீட்டுக்காரிதான் சொன்னா. அவுகளத் திட்டிராதீக சார். வேற என்னத்தச் சொல்லுவாக, பாவம்.”

அடுப்படியில் நின்று அவருடையதை எழுதிக்கொண்டேன். ஸ்மால் செல், மூன்றிலும் மோசமானது. திரும்பி வந்தபோது வழக்கமான வசனம் வாயில் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, “அந்த ரிப்போர்ட்டக் குடு” என்றேன்.

“பையிலதான இருக்கு? கேட்டிருந்தா தந்திருப்பேன். முட்ட கூட ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் பொரிச்சேன். விடிஞ்சா செத்துருவீங்க போல இருந்துச்சு.”

வரி வரியாகப் படித்தேன். கட்டி கிட்டி ஒன்றுமில்லை. சளிதான்.

அடுத்த முறை சக்குபள்ளம் பக்கம் போனால், எனக்கு நிஜமாகவே சளிதான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் நம்பப்போவதில்லை.