எண்ணூர் நடைமேடையில் ஒரு படிவம்

எண்ணூர் ரயில் நிலையம். யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று பயணிகளைக் கேட்டு எழுதும் வேலை எனக்கு. பக்கத்தில் நிற்கும் மேலதிகாரியிடம் என் வீடு அண்ணா நகர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இறால் கூடையோடு வருபவள் என் அம்மா.

"வீடு எங்கேங்க?" என்று யாரையோ கேட்பதுபோல் கேட்கிறேன். அவள் வாய் திறப்பதற்குள் "வியாசர்பாடி" என்று எழுதிவிடுகிறேன்.

"இவங்களத் தெரியுமா?" என்கிறார் அதிகாரி.

அம்மா முந்திக்கொள்கிறாள். "இன்னா சார், தெனம் இதே வண்டில போய்கினு கீறேன், என்னிய தெரியாம இருக்குமா? யாவாரம்னு எழுதிக்க மேடம்."

அடுத்த கேள்வி, வீட்டில் எத்தனை பேர்.

"நான் ஒண்டிதான்" என்கிறாள், என்னைப் பார்க்காமல்.

இரண்டு என்று எழுத வேண்டிய கட்டத்தில் ஒன்று என்று எழுதுகிறேன்.