அண்ணாவுக்கு எதிராக ஒரு மறுமொழி

அறிக்கையில் என் அண்ணாவுக்கு வைத்திருந்த பெயர் டி-1. காப்புரிமைத் துறையில் அது வழக்கமான குறியீடுதான். ஒரு கண்டுபிடிப்புக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தால், அதற்கு முன்பே வெளிவந்த கட்டுரைகளைப் பரிசோதகர் தேடி எடுத்து, டி-1, டி-2 என்று எண்ணிட்டு, இவை இருக்கும்போது உங்களுடையது எப்படிப் புதிது என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் என் தொழில். அன்று காலை தில்லைநகர் அலுவலகத்தில், அண்ணாவின் மனைவியான என் மன்னியின் விண்ணப்பத்துக்கு வந்திருந்த பரிசோதனை அறிக்கையைத் திறந்தேன். டி-1 என்பதற்கு நேராக அண்ணாவின் பெயர் இனிஷியலோடு இருந்தது. எதிர்பாராதது என்று சொல்லமுடியாது. விண்ணப்பத்திலேயே அவன் கட்டுரையை நாங்கள் குறிப்பிட்டிருந்தோம். ஆனாலும், இறந்துபோன ஒருவன் எதிர்க்கட்சியில் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

அண்ணாவும் மன்னியும் ஒரே பொறியியல் கல்லூரியில் ஆசிரியர்கள். திருச்சியைச் சுற்றிக் கொதிகலன் குழாய்களைப் பற்றவைக்கும் பட்டறைகள் நிறைய உண்டு. பற்றவைத்த இடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்துவிட்டால், பின்னால் அது எங்கேயோ நீராவியில் வெடிக்கும். குழாயைச் சிறு சுத்தியலால் தட்டி, எழும் ஒலியை வைத்தே கம்ப்யூட்டர் கீறலைக் கண்டுபிடிக்கவேண்டும் என்பது அண்ணாவின் யோசனை. நல்ல குழாயின் ஒலியையும் கீறல் விழுந்த குழாயின் ஒலியையும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால், இயந்திரம் வித்தியாசத்தைத் தானாகவே கற்றுக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்தில் அது அழகாகக் கற்றுக்கொண்டது. அதை ஒரு கருத்தரங்கில் கட்டுரையாக வாசித்தான். அம்மா அந்தக் கட்டுரையைக் கோயில் பிரசாதம் மாதிரி உறவுக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் விநியோகித்தாள். அடுத்த வருஷமே மாரடைப்பில் அவன் போய்விட்டான். நாற்பது வயதைக்கூடத் தொடவில்லை.

அவன் போன பிறகு மன்னி அதை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தோம். அவள் விடவில்லை. கல்லூரி முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்குப் போவாள். பட்டறையில் அண்ணாவின் முறை எடுபடவில்லை. கிரைண்டர் இரைச்சலும் பக்கத்துக் குழாய்களின் அதிர்வும் ஒலியில் கலந்து, இயந்திரம் ஒருமுறை கீறல் என்றும் மறுமுறை இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. மன்னி அந்த இரைச்சலை அடக்கப் பார்க்கவில்லை. இயந்திரம் தன் பதிலில் எங்கே தடுமாறுகிறதோ அந்தத் தடுமாற்றத்தையே அடுத்த கட்டளையாக மாற்றினாள். அடுத்த தட்டு குழாயில் எந்த இடத்தில், எவ்வளவு பலத்தோடு விழவேண்டும் என்பதை இயந்திரத்தின் சந்தேகமே முடிவு செய்யும். சுத்தியலைப் பிடித்திருப்பது மனிதக் கை அல்ல, ஒரு சிறு மோட்டார். சந்தேகம் தீரும்வரை அது இடம் மாறி இடம் மாறித் தட்டும். கேட்டால் எளிதாக இருக்கிறது. அதற்கு அவளுக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

விண்ணப்பத்தை நான் எழுதியபோதே வீட்டில் பூசல் தொடங்கிவிட்டது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மன்னியின் பெயர் மட்டும் இருந்தது. அண்ணா பெயரையும் போடவேண்டும் என்றாள் அம்மா. இந்தச் சுத்தியல் விஷயம் அவன் யோசித்ததல்ல, யோசிக்காத ஒருவர் பெயரைப் போட்டால் அது பொய்யான வாக்குமூலம் என்று விளக்கினேன். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். காரணம் சொன்னால் கேட்பாள் என்று நம்பினேன்.

"சட்டத்துக்கு என்னடி தெரியும் அவன் பட்ட பாடு?" என்று மட்டும் கேட்டாள்.

பரிசோதனை அறிக்கையின் பிரதியை அம்மாவும் மன்னியும் இருக்கும் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு எடுத்துப்போன அன்று, அம்மா அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதுபோல் வரிவரியாகப் படித்தாள். முக்கியமான மறுப்புகள் இரண்டு. இது வெறும் கணித முறையும் கணினி நிரலும்தான், நம் நாட்டுச் சட்டப்படி அவற்றுக்குக் காப்புரிமை கிடையாது என்பது ஒன்று. டி-1 கையில் இருந்தால், துறை தெரிந்த எவருக்கும் இந்தக் கண்டுபிடிப்பு இயல்பாகவே தோன்றிவிடும் என்பது மற்றொன்று. இரண்டாவது மறுப்பில் அம்மாவின் விரல் நின்றது.

"பாத்தியோ? கவர்மென்ட்டே சொல்லிடுத்து. இது அவனோடது."

அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அண்ணா போன பிறகு நான் பார்த்ததில்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. மன்னி அடுப்பிலிருந்து மோர்க்குழம்பை இறக்கி வைத்துவிட்டு, அம்மாவின் தட்டில் சாதத்தைப் போட்டாள்.

பதில் எழுதும் பொறுப்பைச் சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு சீனியரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று நினைத்தேன். மன்னி ஒப்புக்கொள்ளவில்லை. "முகம் தெரியாத யாரோ அவரைப் பத்தி எழுதறதுக்கு, நீயே எழுது," என்றாள்.

முதல் மறுப்புக்குப் பதில் கடினமாக இல்லை. இயந்திரத்தின் சந்தேகத்திலிருந்து அடுத்த தட்டைக் கணக்கிடும் முறையை மட்டும் தனியாகக் கேட்டிருந்த கோரிக்கையைக் கைவிட்டோம். சுத்தியல், மோட்டார், ஒலிவாங்கி எல்லாம் சேர்ந்து இயங்கும் கருவியை மட்டும் வைத்துக்கொண்டோம். கணக்கு தாளில் மட்டும் இருந்தால் கணக்கு. அது ஒரு சுத்தியலை நகர்த்தினால் வேறு விஷயம். கைவிட்ட பகுதிதான் மன்னிக்கு மிகவும் பிடித்தமானது. "எடுத்துடு," என்றவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவதுதான் சிக்கல். எங்கள் தொழிலில் இதற்கென்றே பழகிய வாக்கியங்கள் உண்டு. டி-1 இதைக் கற்பிக்கவில்லை. டி-1 இந்தப் பிரச்சினையை உணரவே இல்லை. டி-1-இன் முறை இங்கே தோல்வியடைகிறது. எத்தனையோ பேருடைய உழைப்பைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன். ஒருநாளும் கை தயங்கியதில்லை. அவர்களுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருந்திருப்பாள் என்று தோன்றியதே இல்லை. சட்டம், துறை தெரிந்த ஒரு சராசரி மனிதரைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறது. அந்த மனிதர் டி-1-ஐப் படித்தால் அவருக்கு இது தோன்றியிருக்குமா என்பதுதான் கேள்வி. என் அண்ணா சராசரி மனிதன் இல்லை. ஆனால் அவனுக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் நான் நிரூபிக்கவேண்டியிருந்தது.

எழுதியதை மன்னியிடம் காட்டினேன். 'தோல்வி' என்ற சொல்லை அடித்தாள். 'உணரவில்லை' என்பதையும் அடித்தாள். "அமைதியான சூழலுக்கு ஏற்றதுன்னு எழுது. அது உண்மைதானே?" என்றாள். இது போதாது மன்னி என்றேன். "போதறவரைக்கும் போதட்டும்," என்றாள். அப்படியே அனுப்பினோம்.

போதவில்லை. சில மாதங்களில் நேர்விசாரணைக்கு அறிவிப்பு வந்தது. டி-1-க்கும் இந்தக் கருவிக்கும் உள்ள வித்தியாசம் முன்னேற்றம்தான் என்பதை விண்ணப்பதாரர் நிறுவவில்லை என்றிருந்தது. அதிகாரியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். இனி ஒரே வழிதான். அதே பட்டறை, அதே குழாய்கள், அதே இரைச்சல். அண்ணாவின் முறையையும் மன்னியின் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து, முடிவுகளைக் கொடுக்கவேண்டும். கொடுத்தால், அவை எவரும் பார்க்கக்கூடிய பொது ஆவணமாக என்றைக்கும் இருக்கும். இதை மன்னியிடம் சொன்னேன். "சனிக்கிழமை பட்டறைக்கு வா," என்றாள்.

போனேன். அண்ணாவின் நிரலை அவன் எழுதி வைத்திருந்தபடியே, ஒரு வரியும் மாற்றாமல் மன்னி ஓடவிட்டாள். சுத்தியலையும் அவன் பிடித்தமாதிரியே கையில் பிடித்துத் தட்டினாள். திரையில் கீறல், இல்லை, கீறல், இல்லை என்று மாறி மாறி வந்தது. பட்டறை முதலாளி கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"சார் இருந்தப்பவும் இப்படித்தாங்க மேடம். தட்டத் தட்டக் குழப்பம்தான் வந்துச்சு."

"தெரியும்ண்ணே," என்றாள் மன்னி. நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணா இங்கே வந்திருக்கிறான். தன் முறை பட்டறையில் எடுபடாது என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதை அறிந்தவள் இவள் ஒருத்திதான்.

விசாரணை காணொளி வழியாக நடந்தது. தானும் கேட்கவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் வீட்டு ஹாலிலேயே லேப்டாப்பை வைத்தோம். கேமராவில் விழாத நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. என் நினைவில் தமிழில் பதிந்திருக்கிறது. சோதனை முடிவுகளை நான் விளக்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒரே ஒரு சந்தேகம். பதில் நிலையாக இல்லாவிட்டால் இன்னும் பல இடங்களில் தட்டிப் பார்க்கலாம் என்பது டி-1-இன் ஆசிரியருக்கே தோன்றியிருக்காதா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் மன்னி பேசிவிட்டாள்.

"தோன்றியது. செய்தும் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு பகல் முழுக்கக் குழாய் நெடுகத் தட்டினார். தட்டத் தட்டப் பதில் இன்னும் குழம்பியது. எங்கே தட்டுவது என்பதை இயந்திரத்திடமே விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை. சாயங்காலம், இது வேலை செய்யாது, நான் தோற்றுவிட்டேன் என்று சொன்னார்." பிறகு, "அவர் என் கணவர்," என்றாள்.

திரையில் அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். வருந்துகிறேன் என்றார். சோதனை முடிவுகளைப் பிரமாணப் பத்திரத்தோடு எழுத்துமூலம் சமர்ப்பிக்கும்படி சொல்லி விசாரணையை முடித்தார். லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பினேன். அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

அதன் பிறகு அம்மா மன்னியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. நான் போயிருக்கும்போது, சாதம் வேண்டுமா, பால்காரன் வந்தானா என்பதைக்கூட என் வழியாகத்தான் கேட்பாள். நான் இல்லாத பொழுதுகளில் அந்த வீட்டில் இருவரும் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாமே என்று மன்னியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அவாளைத் தனியா விட்டுட்டா?" என்றாள். அந்தக் குரலில் தியாகம் எதுவும் தொனிக்கவில்லை. சலிப்புதான் இருந்தது.

காப்புரிமை கிடைத்தது. நாங்கள் கேட்டதைவிடக் குறுகலாக, கருவிக்கு மட்டும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மன்னி, "சரி," என்றாள். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் தொடர்ந்து மடித்தாள். இத்தனை வருஷம் காத்திருந்த ஒரு செய்தி அந்த வீட்டில் வைக்க இடமில்லாமல் நின்றது. என் தொழிலில் வெற்றிச் செய்தி சொல்லிப் பழகியிருக்கிறேன். கட்சிக்காரர்கள் கைகுலுக்குவார்கள், இனிப்பு அனுப்புவார்கள். அன்று, ஏதோ துக்கம் சொல்ல வந்தவள்போல் வாசற்கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பெருமாள் சேவித்துவிட்டு அம்மா அப்போதுதான் வந்தாள். நான் மறுபடியும் சொன்னேன். தலையை ஆட்டினாள். உள்ளே போகப்போனவள் நின்று, மன்னியின் பக்கம் திரும்பினாள். விசாரணைக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு, தோத்துட்டேன்னு சொன்னானே. அன்னிக்கு ஆத்துக்கு வந்து சாப்டானோ?"

மன்னியின் கைகள் நின்றன. "இல்லம்மா. பசிக்கலைன்னுட்டார்."

"நான் எங்க போயிருந்தேன்?"

"இங்கதான் இருந்தேள். உங்ககிட்ட சொல்லவேண்டாம்னார். அம்மா எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிண்டிருக்கா, கொஞ்சநாள் போகட்டும்னார்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்ன பண்ணியிருந்தேன் அன்னிக்கு?"

"சேப்பங்கிழங்கு ரோஸ்ட்."

"அவனுக்குப் பிடிக்குமே," என்றாள் அம்மா.

மன்னி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவின் அருகில் போட்டாள். அம்மா அதில் உட்காரவில்லை. அங்கிருந்து போகவும் இல்லை.