ரிப்போர்ட் யாருக்கு

திருநகரில் நான் நடத்தும் சின்ன கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஏற்படுத்தியதல்ல, வருகிறவர்கள் கொண்டுவந்தது. ரிப்போர்ட் மோசமாக இருக்குமோ என்று தோன்றினால், நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு வீட்டார் முதலில் உள்ளே வருவார்கள். "அவுகளுக்குத் தெரிய வேணாம் மேடம்" என்பார்கள். நானும் தலையாட்டுவேன். ஆரம்பத்தில் உறுத்தலாக இருந்தது. இப்போது ஒன்றும் ஆவதில்லை. அடுத்த டோக்கன் யார் என்று கம்ப்யூட்டரைப் பார்ப்பேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. லேபில் ரிப்போர்ட் தயாரானதும் என் திரைக்கு வரும். கூடவே நோயாளியின் பெயரில் பதிந்த செல்போனுக்கும் போய்விடும். அதற்கும் வீட்டார் வழி கண்டுபிடித்திருந்தார்கள். பெரியவர்களைப் பதியும்போது மகனோ மருமகனோ தன் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று வந்தது. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி இருந்தது. ரிப்போர்ட்டுக்கு அடியில் 'செல்போனில் பார்க்கப்பட்டது' என்று சின்ன எழுத்தில் இருந்தது. மகன் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மகன் உள்ளே வந்து, "ரிப்போர்ட் வந்துருச்சா மேடம்?" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பாகிட்ட அல்சர்னு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவாரு."

"அல்சருக்கு யாரு ஆபரேஷனுக்குச் சம்மதிப்பாங்க?"

"கொஞ்ச நாள் போகட்டும் மேடம். ஏதாச்சும் சொல்லிக் கூட்டிட்டு வாரேன்."

தலையாட்டினேன். அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அல்சர் என்றேன். காரம் வேண்டாம் என்றேன். அவர் சாதுவாகக் கேட்டுக்கொண்டார். மகன் மாத்திரை வாங்கப் போனதும் கதவு மூடியதா என்று திரும்பிப் பார்த்தார்.

"தாயி, பேரு பதியிறப்ப நம்பர் கேட்டாக. என் நம்பரத்தான் சொன்னேன். பேரப்பிள்ளைகிட்ட மூஞ்சி பாத்துப் பேச மகன் வாங்கிக் குடுத்த போனு. நேத்து தனியா டவுனுக்கு வந்தப்ப அதுல வந்துச்சு. இங்கிலீசு. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல செல்போன் கடைக்காரர்ட்ட குடுத்தேன். அவரு என்னத்தையோ அமுக்குனாரு, போனே தமிழ்ல வாசிச்சிருச்சு. பொம்பளக் குரலு. புற்றுநோய்ன்னு நல்லாத் தெளிவாச் சொல்லுச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, ஊருக்குப் பஸ் ஏறிட்டேன். அவனுக்குத் தெரிய வேணாம் தாயி. ஆபரேஷன் அது இதுன்னு கெடக்குற நெலத்தையும் வித்துப்புடுவான். இருக்குற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

வழக்கம்போல் என் தலை ஆடியது. அது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு இயந்திரம் இரைச்சலுக்கு நடுவே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறது. படித்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நான் காரம் வேண்டாம் என்கிறேன். இவர்கள் ஒருவரையொருவர் இப்படிக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் கட்டிக்குத்தான் கொண்டாட்டம்.

மகன் மாத்திரைப் பையோடு வந்தார். "என்னப்பா சொன்னாங்க?"

"அல்சராம்டா. காரம் ஆகாதாம்."

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றேன். குரல் கடுமையாக வந்துவிட்டது. "இது அல்சர் இல்லை. உங்க ரெண்டு பேருக்குமே தெரியும். கோபம் வந்தா என்னைத் திட்டிக்கோங்க. ஆனா தள்ளிப் போடுறதுக்கு நாள் இல்லை."

இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குள் பாரம் இறங்கியதாகவோ, நல்லது செய்ததாகவோ ஒன்றும் தோன்றவில்லை. வெளியே அடுத்த டோக்கனை அழைப்பது கேட்டது; பொறுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தேன்.

"எப்பப்பா தெரியும்?" என்றார் மகன்.

"உனக்கு முந்தியே."

மகன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரியவர் மகனின் மடியிலிருந்த மாத்திரைப் பையை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"இத எடுத்துக்கங்க தாயி. ஆபரேஷனுக்கு எங்க போகணும்னு அவன்ட்ட சொல்லுங்க."