தாய்மாமன் கட்டிய புலிநகம்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தாம்பரம் ரயில் நிலைய வாசலில் புலிப் படம் போட்ட டீ-ஷர்ட்டோடு நிற்பேன். கூட இன்னும் சிலர் நிற்பார்கள். புலித்தோல், தந்தம், நட்சத்திர ஆமை எதையும் வாங்காதீர்கள், வாங்குகிறவன் இருப்பதால்தான் கொல்கிறவன் இருக்கிறான் என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்வோம். பாதிப் பேர் எங்களை சர்க்கஸ்காரர்கள் என்று நினைத்து டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவனுக்கு வாரம் ஒருநாள் கோபப்பட நல்ல சாக்கு கிடைத்திருக்கிறது என்பாள் என் தங்கை.

அந்தத் தங்கைதான் போன் செய்தாள். பம்மலில் வாழ்க்கைப்பட்டவள். மகனுக்குக் காது குத்தப் போகிறார்கள். தாய்மாமன் என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், சீர்த்தட்டும் நான்தான் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அவள் தயங்கித் தயங்கி வேறொரு விஷயத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை என்றால் தாய்மாமன் புலிநகம் கட்டுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். அது கழுத்தில் கிடந்தால் குழந்தை பயந்து அலறாதாம். மாமியார் சொல்லச் சொன்னாராம்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடையது காதல் கல்யாணம். அந்த வீட்டில் அவளை வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே குழந்தை பிறந்த பிறகுதான் ஆரம்பித்தது. எங்கள் ஆட்கள் அங்கே நாலு பேர் முன்னால் நிற்கப்போகும் முதல் விசேஷம் இது. "உன் கொள்கைய ஸ்டேஷன் வாசலோட வச்சுக்கண்ணா. எனக்காக இந்த ஒண்ணு," என்றாள்.

என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை. நிஜ நகம் வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. போலியை வாங்கிக் கட்டிவிடலாமா? அதில் புலி சாகவில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் நிஜமென்று நம்பி, நாளைக்குத் தங்கள் குழந்தைக்கு நிஜமாகவே தேடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர் போலி தப்பில்லை என்றார், ஒருவர் அதுதான் பெரிய தப்பு என்றார், இன்னொருவர் விசேஷத்துக்கே போகாதே என்றார். தாய்மாமன் இல்லாமல் காது குத்துவது எப்படி என்று அவருக்கு யார் சொல்வது? கடைசியில் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு நகைக்கடையில் குட்டியாக ஒரு தங்க வேல் வாங்கினேன். முருகன் வேலுக்கு மிஞ்சிய காவல் உண்டா என்று அடித்துப் பேசலாம் என்பது என் கணக்கு.

விசேஷம் பம்மலில் ஒரு சின்ன அம்மன் கோயிலில் நடந்தது. குழந்தையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் அவன் வீறிட்ட வீறலில் எனக்கே கண் கலங்கிவிட்டது. இரண்டாவது காதும் முடிந்தது. கயிற்றில் கோத்திருந்த தங்க வேலை எடுத்து அவன் கழுத்தில் போட்டேன். தங்கையின் மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, நகம் எங்கே என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் முருகன் என்று ஆரம்பித்தேன். குழந்தை அலறிய அலறலில் முருகன் யார் காதிலும் விழவில்லை.

தங்கையின் மாமனார் நல்ல மனிதர். வாழ்நாளெல்லாம் பம்மலில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்தவர், சண்டை என்றாலே நழுவிவிடுவார். தாய்மாமன் மறந்திருப்பார், அதனாலென்ன என்று சொல்லித் தன் சட்டைக்குள் கையை விட்டார். கறுப்புக் கயிற்றில் வெள்ளிப் பூண் போட்ட ஒரு நகம் வந்தது. மஞ்சளும் பழுப்புமாக, வளைந்து, பழையதாக. அதை என் உள்ளங்கையில் வைத்து, மாமன் கையால் கட்டுங்கள் என்றார். சுற்றிலும் செல்போன்கள். தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னவென்று சொல்ல! கட்டிவிட்டேன்.

குழந்தை நகத்தை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தான். அழுகை நின்றுவிட்டது. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று ஒரே சந்தோஷம் அங்கே. எனக்கு அவமானமாக இருந்தது. குழந்தை அழாமல் இருப்பது நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி வரும் என்று தெரியவில்லை. பிரியாணி சாப்பிட்டேனா என்பதுகூட நினைவில்லை.

அடுத்த வாரம் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே பஞ்சில் அந்த நகம். கயிறு அறுந்துவிட்டது, அண்ணன் வெள்ளிச் சங்கிலியில் கோத்துத் தருகிறான் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கும் ஒவ்வொரு ராத்திரியும் குழந்தை அதைச் சப்பும்போது குமட்டுகிறதாம். என் பேச்சை இத்தனை வருஷம் கேட்டதன் வினை என்றாள்.

"நீதான வேணாம் வேணாம்னு ஊருக்கெல்லாம் சொன்ன. இப்ப நீயே வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்று மூச்சு விடாமல் சொல்கிறவன் நான். இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. பீரோவில் வைத்தேன், மனது கேட்கவில்லை. அரிசி டிரம்முக்குள் வைத்தேன், சோறு இறங்கவில்லை. கடைசியில் எங்கள் விழிப்புணர்வு அட்டைகளை அடுக்கியிருந்த பரண்மேல் அவற்றுக்குப் பின்னாலேயே வைத்தேன். நிஜமா போலியா என்று கண்டுபிடிக்கும் வழிகளை யூடியூபில் தேடினால், நெருப்பில் காட்டு என்று ஒருவன் சொல்கிறான், காட்டவே காட்டாதே என்று இன்னொருவன் சொல்கிறான். சேலையூர் ஏரியில் வீசிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அது என்னுடையதில்லையே. புலியுடையது என்று அட்டையில் எழுதுவது சுலபம். டப்பாவைத் திறந்தால் அந்தப் பூண் தேய்ந்திருக்கும் இடத்தில் ஒரு மனிதனின் கழுத்து வியர்வைதான் தெரிந்தது.

மாமனார் போன் செய்து, சங்கிலி கோத்தாயிற்றா, குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம், குழந்தைக்குப் போட வேண்டும் என்றார். நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு பம்மலுக்குப் போனேன்.

சுற்றி வளைக்கவில்லை. கயிறு அறுந்தது நான் சொல்லச் சொன்ன பொய், நகத்தைக் குழந்தைக்குப் போடத் தரமாட்டேன், வனத்துறையில் ஒப்படைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். தங்கையே அது வேண்டாமென்று கொண்டுவந்தாள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். சமையலறை வாசலில் நின்ற தங்கையின் முகம் வெளுத்தது. மாமியார் பிடித்துக்கொண்டார். சீர் செய்யத் துப்பில்லாதவன், இருப்பதையும் பிடுங்க வந்திருக்கிறான், இந்த லட்சணத்தில்தான் இவளை வளர்த்திருக்கிறார்கள் என்றார். என்னைச் சொன்னது வலிக்கவில்லை. அவளைச் சொன்னது வலித்தது.

மாமனார் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"குடுத்துடலாம் தம்பி. ஆனா அவங்க பாத்துட்டு, இது மாட்டுக் கொம்புன்னு சொல்லிட்டாங்கன்னா இன்னா பண்றது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பயந்தது கேஸுக்கு இல்லை. அவருடைய அப்பா ஆம்பூர் பக்கம் ஒரு சந்தையில் வாங்கிவந்து கட்டியதாம். கேட்டவர்களிடமெல்லாம் அப்பா கட்டிய புலிநகம் என்று சொல்லியே கிழவராகிவிட்டார். தோலைத் தொட்டால் ஆடா மாடா என்று சொல்லிவிடுவார், ஆனால் நகம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஒரு புலி செத்திருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவர் அப்பா ஏமாந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இப்படி இரண்டு பேர் ஆசைப்படுவது நியாயமா? ஸ்டேஷன் வாசலில் சொல்கிற ஒரு வாக்கியமும் அங்கே உதவவில்லை.

அப்போது தங்கை முன்னால் வந்தாள்.

"நிஜமா இருந்தாலும் சரி, பொய்யா இருந்தாலும் சரி, என் புள்ள கழுத்துல அது வேணாம் மாமா. அண்ணன் கேக்கல. நான்தான் பொய் சொல்லிக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

மாமியார் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எவளுடைய மரியாதை போய்விடக் கூடாதென்று நான் கோயிலில் அந்தக் கயிற்றைக் கட்டினேனோ, அவள் அந்த மரியாதையைத் தானே எடுத்துத் தரையில் வைத்துவிட்டாள். மாமனார் அவளைப் பார்த்தார், தூளியில் தூங்கும் பேரனைப் பார்த்தார். வண்டியில்தானே வந்தீர்கள் என்று என்னிடம் கேட்டுவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வனத்துறை ஆபீஸுக்குக் கிளம்பினேன். அங்கே என்ன கேட்பார்கள், யார்மேல் எழுதுவார்கள், விட்டுவிடுவார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. பல்லாவரம் சிக்னலில் நின்றபோது என் தோளைத் தொட்டார்.

"பொய்யின்னு சொன்னாங்கன்னா வூட்ல சொல்லிக்காதீங்க தம்பி."

"நிஜம்னு சொன்னா மாமா?"

தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கிப் போனது. சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"அப்பவும் சொல்லிக்காதீங்க," என்றார்.

டப்பா முன்னால் கொக்கியில் ஒரு பையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பச்சை விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன், வண்டியைப் பிடிக்காமல் இரண்டு கையாலும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாகவே ஓட்டினேன்.